மங்காத கண்ணாடி

கண்ணாடி சூடாக இருந்தது.

ஆனந்தகுமாருக்கு அது முதலில் உறைக்கவே இல்லை. இன்னும் விடியவில்லை, மட்டாஞ்சேரி, கொச்சங்காடிக் கிட்டங்கிகளின் சுக்கு வாசனையும் ஓடை வாடையும் பாத்ரூம் ஜன்னல் வழியாக ஒன்றாகக் கலந்து இறங்கிக்கொண்டிருக்க, தலையில் ஊற்றிய முதல் செம்புத் தண்ணீர் முதுகுத்தண்டை ஒரு உலுக்கு உலுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு "சாமியே சரணம்" என்று அடுத்த செம்பைத் தலைக்கு மேல் தூக்கியபோது, இடது முழங்கை பின்னால் இருந்த கண்ணாடியில் பட்டது. பட்ட இடம் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் குளிரில் சுகமாகக்கூட இருந்தது. இன்னொரு செம்பு ஊற்றிய பிறகுதான், இந்த வெதுவெதுப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தான்.

மாலை போட்ட நாளிலிருந்து கீஸர் சுவிட்சில் யாரும் கை வைக்கவில்லை. விரதக்காரனுக்குப் பச்சைத் தண்ணீர்தான். அதே விரதத்தில் இருக்கும் மகள் அதிதிக்கு மட்டும், ஆறு வயசுப் பிள்ளை என்று, அவன் மனைவி ஸ்வர்ணலதா அடுப்பில் கொஞ்சம் தண்ணீர் வைத்து விளாவி ஊற்றுவாள். அதுவும் பொழுது விடிந்த பிறகு. அப்படியிருக்க இந்தக் கண்ணாடிக்கு யார் சூடு வைத்தது?

திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் பார்க்கக் கூடாது. மாலை போட்டவன், அதைக் கழற்றும் வரைக்கும் கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது என்பது நீலகண்டன் குருசாமியின் கட்டளை. "வீட்டுல இருக்கிற கண்ணாடி எல்லாத்தையும் துணி போட்டு மூடிருங்க சாமி" என்று அவர் சொன்ன அன்றே அலமாரிக் கண்ணாடியை லதா மூடிவிட்டாள். பாத்ரூமில் இருந்ததை மூட மறந்துபோனது. அதுக்கென்ன, முதுகைக் காட்டிக்கொண்டு குளித்தால் போச்சு என்று இவனும் விட்டுவிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது அடுப்பு மூட்டியிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மனுஷனுக்குக் காரணம் கண்டுபிடிப்பது என்ன பெரிய வித்தையா? துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, கறுப்பு வேட்டி கட்டி, விளக்குக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் மண்டையில் தட்டியது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வீடே கிடையாது. மாடி வீட்டின் கடைசிச் சுவர் அது. அதற்கப்பால் வெறும் சந்து.

அந்தக் கண்ணாடியை வாங்கியதே ஒரு கூத்து. ஆனந்தகுமார் ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன்காரன். வெள்ளைச் சட்டை, டை, வழவழவென்று தாடை; இது மூன்றும் இல்லாமல் கவுண்டருக்குப் பின்னால் நிற்க முடியாது, விரத நாள் நீங்கலாக. அவனுக்கோ காலையில் வழித்தால் சாயங்காலமே எட்டிப் பார்க்கிற தாடி. உலர்ந்த தோலில் தினமும் பிளேடு ஓடியதில் கழுத்தெல்லாம் கொப்புளம் கிளம்பிவிட்டது. வெந்நீரில் குளித்து முடிக்கும்போது, தோல் ஊறியிருக்கையில் ஷேவ் பண்ணுங்கள் என்றார் டாக்டர். நல்ல யோசனைதான். ஆனால் கீஸர் தண்ணீர் ஊற்றினால் பாத்ரூம் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துப்போகும். கையால் துடைத்தால் ஒரு இழுப்பு இழுப்பதற்குள் மறுபடி மங்கிவிடும். தடவித் தடவி வழித்ததில் ஒருநாள் காதோரம் கிழிந்து, சட்டைக் காலரில் ரத்தத்தோடு கெஸ்ட் முன்னால் நின்றான்.

இடப்பள்ளியில் ஒரு பாத்ரூம் சாமான் கடைக்குக் குடும்பத்தோடு போனார்கள். மங்காத கண்ணாடி என்று மூன்று தினுசு இருந்தது. ஒன்றின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒட்டியிருந்தது. நம்ம ஊர் உப்புக் காத்துக்கு அது உரிஞ்சிடும் என்று கடைக்காரப் பெண்ணே சொல்லிவிட்டாள். இன்னொன்றுக்குப் பின்னால் கரண்ட் கொடுத்துச் சூடேற்ற வேண்டும். "குளிக்கிற எடத்துல கரண்டா? அந்த வெனையே வேண்டாம்" என்றாள் லதா. கடைசி தினுசுக்குப் பின்னால் வெந்நீர் ஒத்தடப் பை மாதிரி ஒல்லியாக ஒரு டப்பா. மேலே உள்ள வாயில் வெந்நீரை ஊற்றினால் கண்ணாடி சூடாகிவிடும். சூடான கண்ணாடியில் வெந்நீர்ப் புகை படியாது. வேலை முடிந்ததும் அடியில் இருக்கிற மூடியைப் பிடுங்கித் தண்ணீரை இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான்.

"ஊதிப் பாரு மோளே" என்று கடைக்காரப் பெண் அதிதியைத் தூக்கிப் பிடித்தாள். பக்கத்துச் சாதாரணக் கண்ணாடியில் அதிதி ஊதினாள். சின்னதாக வெள்ளை வட்டம் விழுந்தது. வெந்நீர் ஊற்றிய இந்தக் கண்ணாடியில் ஊதினாள். ஒன்றுமே இல்லை. கன்னம் வலிக்க வலிக்க ஊதினாள். "அம்மா, இது மூச்சைத் திங்குதும்மா!" என்று அவள் கத்தியதில் கடையே சிரித்தது. ஆனந்தகுமாரும் சிரித்தான். அதைத்தான் வாங்கினான்.

பிஜுதான் மாட்டிக் கொடுத்தான். மட்டாஞ்சேரியில் குழாய் வேலைக்கு அவனை விட்டால் ஆள் இல்லை என்று பெயர். ஆனந்தகுமாரின் மூக்குக்கு நேராக அளவு வைத்து, டைலில் மெதுவாகத் துளை போட்டு, திருகாணி முடுக்கி, சுற்றிலும் சிலிக்கான் பசை பூசினான். "ஒரு நாள் நனைக்க வேண்டா சேட்டா. ஒட்டிப் பிடிச்சா பின்னே யானை இழுத்தாலும் வராது."

ஒட்டிப் பிடித்த மறுநாள்தான் மாலை போடும் நாளாக அமைந்தது. விரதத்துக்கு முந்தின கடைசி சவரத்தை அந்தக் கண்ணாடியில் பண்ணினான். ஆஹா, என்ன தெளிவு! பாத்ரூம் முழுக்கப் புகை மூடியிருக்க, அது மட்டும் ஜன்னல் மாதிரி பளிச்சென்று, அதில் அவன் முகம், நுரை, வெறும் கழுத்து. அதற்குள் நேரம் போகிறது என்று குருசாமி போன் மேல் போன். முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடினான். டப்பாத் தண்ணீரை இறக்க மறந்துபோனது.

கோயிலில் முதலில் அவனுக்கும் பிறகு அதிதிக்கும் குருசாமி மாலை போட்டார். இந்த மாலையே அதிதிக்காகத்தான். அதிதிக்கு வலிப்பு. சோறு தின்றுகொண்டே இருப்பாள், கை அப்படியே நிற்கும், கண் மேலே செருகும். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நின்ற மூச்சு திரும்பும் வரைக்கும் அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு கிடப்பது இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. மாத்திரை ஒரு பக்கம் நடந்தது. இன்னொரு பக்கம் இவன் நேர்ந்துகொண்டான்: மண்டலம் முழுக்கச் சுத்தமாக விரதம் இருந்து, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறேன், அவளை விட்டுவிடு. மாலை விழுந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. லதா வாய் விட்டுச் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம். ஆனால் ராத்திரி பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து காவல் காப்பதை விட்டுவிட்டுத் தூங்க ஆரம்பித்திருந்தாள்.

விரதத்தில் யாரும் யாரையும் பேர் சொல்வதில்லை, உறவு சொல்வதில்லை. எல்லாரும் சாமிதான். லதா அவனைச் சாமி என்றாள். குருசாமி சொல்லிக் கொடுத்ததை அதிதி அப்படியே பிடித்துக்கொண்டாள். "சாமி, பென்சில் சீவித் தாங்க சாமி" என்பாள். மறந்துகூட அப்பா என்று கூப்பிடவில்லை.

கண்ணாடி சூடாக இருந்த அன்றைக்கு ஹோட்டலில் கூட வேலை செய்யும் அனூப்தான் ஆரம்பித்து வைத்தான்.

"சாமி, தாடி எங்கே? எங்க மாமனுக்கு மாலை இட்ட ஒரு வாரத்தில் முகமே காணாது. நிங்களுக்கு என்ன, பேபி சோப்பு விளம்பர மாடல் மாதிரி இருக்கீங்க!"

ஆனந்தகுமார் தாடையைத் தடவினான். வழவழவென்று இருந்தது.

இத்தனை நாளாகக் கை அந்தப் பக்கம் போகவில்லையா? போயிருக்கும். கவனிக்கவில்லை. கண்ணாடி பார்க்காதவனுக்கு முகம் எப்படித் தெரியும்? அனூப் விளையாட்டாகப் போனில் ஒரு போட்டோ எடுத்து நீட்டினான். கண்ணாடி பார்க்கக் கூடாது என்றுதானே கட்டளை, போட்டோவுக்கு என்ன என்று பார்த்தான். வெள்ளைச் சட்டைக்கு மேல் மாலை. மாலைக்கு மேல் இப்போதுதான் வழித்தது போன்ற தாடை. தாடைக்கு அடியில் மெல்லிசாக ஒரு பிளேடு வெட்டு, ரத்தம் காய்ந்து.

தொட்டுப் பார்த்தான். எரிந்தது.

மறுநாள் காலையில் செம்பை எடுப்பதற்கு முன்னால், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டிக் கண்ணாடியின் அடியைத் துழாவினான். மாலைக்கு முந்தின தண்ணீர் இன்னும் உள்ளேயேதான் இருக்கும். சில்லென்று, பாசி வாடையோடு வரும் என்று சொல்லிக்கொண்டான். மூடியைப் பிடுங்கினான். வெந்நீர் மணிக்கட்டில் கொட்டியது. கையை இழுத்துக்கொண்டான். புதினா நெடி குப்பென்று எழுந்தது. அவன் எப்போதும் போடும் ஷேவிங் கிரீமின் நெடி. மணிக்கட்டில் வெள்ளை நுரை. நுரைக்குள் கறுப்புக் கறுப்பாக, எள்ளுத் தூள் மாதிரி.

மயிர்.

பாத்ரூமை விட்டு எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. நேராகப் போய் ஸ்டூலைப் போட்டுப் பரணில் கையை விட்டான். மாலை போட்ட அன்று ரேசரையும் கிரீமையும் பழைய பேப்பரில் சுற்றிச் சணல் கட்டி அங்கே வைத்திருந்தான். பொட்டலம் அங்கேயேதான் இருந்தது. மேலே தூசி. அவன் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. நகத்தால் முடிச்சைப் பிரித்தான். பேப்பரின் உள்மடிப்பு ஈரமாக இருந்தது. ரேசரிலிருந்து ஒரு சொட்டு அவன் பாதத்தில் விழுந்தது. சூடாக.

"என்ன சாமி அது?"

பின்னால் லதா நின்றுகொண்டிருந்தாள். கையில் மாவுக் கரண்டி. அவள் அவன் கையில் இருந்த ரேசரைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நாளாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தது வெளியே வந்தது.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். தாடி மெதுவா வளரும்னு நெனச்சேன். என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்."

"லதா, சத்தியமா நான்..."

"மேனேஜர் திட்டினாரா? வேலைக்காகவா? உங்களுக்கு வேலை பெரிசா, பிள்ளை பெரிசா?" கரண்டியிலிருந்து மாவு தரையில் சொட்டியது. "அவ கழுத்துலயும் ஒரு மாலை கெடக்கு. நெனச்சுப் பாத்தீங்களா நீங்க?"

அவள் சாமி என்று சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை.

என்ன சொல்வான் அவளிடம்? கண்ணாடிக்குள் யாரோ ஷேவ் பண்ணுகிறார்கள் என்றா? குட்டு வெளிப்பட்டதும் கதை கட்டுகிறான் என்பாள். இவனுக்கே சந்தேகம் வந்தது. தூக்கத்தில் எழுந்து போய் நான்தான் வழிக்கிறேனோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அந்த முடிச்சு? அந்தத் தூசி?

விஷயம் கோயில்வரை போய்விட்டது. சாயங்கால பஜனை முடிந்ததும் குருசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டு, குத்துவிளக்கு வெளிச்சத்தில் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மறைக்காமச் சொல்லுங்க சாமி. கத்தி பட்டுச்சா?"

"என் கை படல சாமி."

அவர் கையை எடுத்தார். "பொட்டப்பிள்ளைக்காகப் போட்ட மாலை. அதுல விளையாட்டு வேண்டாம். கட்டு நிறைக்கிற அன்னைக்கு வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் இப்படியே வந்தீங்கன்னா, உங்க தலையில இருமுடி வைக்க என் கை வராது. பிள்ளைக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அன்று ராத்திரி சாப்பிடும்போது அதிதியின் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. லதாவின் மூச்சும் நின்றது. "சாமி, உப்பு" என்றாள் அதிதி. லதா எழுந்து அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவன் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

புதிதாக ஒரு கறுப்புத் துணி வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்க் கண்ணாடியைத் தடவிக் கண்டுபிடித்து, மேலிருந்து கீழாக மூடி, சட்டத்தின் விளிம்பைச் சுற்றிச் சணலால் இறுக்கிக் கட்டினான். கட்டும்போது துணிக்குப் பின்னாலிருந்து கையில் சூடு ஏறியது. நின்று நின்று ஏறியது. ஏறும், தணியும். ஏறும், தணியும்.

மறுநாள் காலை அந்தத் துணி கொக்கியில் தொங்கியது. நான்காக மடித்து, ஈரமாக, முகம் துடைத்த துண்டு மாதிரி. அவன் தாடை வழவழவென்றிருந்தது.

குழந்தைகளுக்கு எதையும் போட்டு உடைக்கத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது லதா தலை பின்னிக்கொண்டிருக்க, அதிதி அவனைக் கேட்டாள்.

"சாமி, அப்பா எப்ப மாலை போடுவாரு?"

"அப்பாதாண்டி சாமி. ஆடாம நில்லு" என்றாள் லதா. பின்னலை முடித்துவிட்டு டிபன் டப்பா எடுக்க உள்ளே போனாள்.

ஆனந்தகுமார் அதிதியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"அப்பா எங்க இருக்காரு சாமி?"

"பாத்ரூம்ல." அவன் கேட்டதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஸ்டூல் மேல ஏறினாத் தெரியும். அவரு மாலையே போடல. டெய்லி ஷேவ் பண்றாரு."

"உங்ககிட்டப் பேசினாரா?"

"சத்தம் வராது. வாய் மட்டும் அசையும்." அதிதி தன் மாலையின் டாலரைப் பிடித்துக் காட்டினாள். "இதைக் கழட்டிட்டு வரச் சொல்றாரு. எனக்குத்தான் கழட்டத் தெரியல."

அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. ஸ்டூலைத் தூக்கிப் பரணுக்குள் தள்ளினான். திருப்புளியோடு பாத்ரூமுக்குள் போய், கண்ணை இறுக்கிக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினான். கழன்றன. சட்டத்தைப் பிடித்து இழுத்தான். பசை விடவில்லை. இழுத்த இழுப்பில் டைல் கிறீச்சென்றது. உடைத்துவிடலாம் என்று சுத்தியலைத் தேடி எடுத்தவன், நின்றான். மாலை போட்ட வீட்டில், பிள்ளை பேரைச் சொல்லி விரதம் இருக்கும்போது கண்ணாடியை உடைக்கிறதா? அதைவிட அபசகுனம் உண்டா? அவன் அம்மா கைதவறி ஒன்றை உடைத்துவிட்டு அழுத அழுகை ஞாபகம் வந்தது. சுத்தியலைக் கீழே வைத்தான். அந்த ஒரு பயத்துக்காக.

பிஜுவுக்குப் போன் போட்டான்.

"ஐயோ சேட்டா, பிடிச்சு இழுக்காதே! அதுக்குப் பின்னாடிதான் பைப்பு. டைல் போனா கீழ்வீட்டுக்காரன் தலையில் வெள்ளம் சாடும். நாளைக்கு உச்சைக்கு வந்து பசை அறுத்து எடுத்துத் தரலாம். ஒரு நாளில் என்ன ஆகப்போகுது?"

நாளைக்கு விடிகாலையில்தான் கட்டு நிறை. மத்தியானம் எல்லாரும் மலைக்குப் பஸ் ஏறியிருப்பார்கள். ஒரு ராத்திரி. அதைத் தாண்டிவிட்டால் போதும். பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட்டான். கீழே படிக்கட்டு ஓரத்தில் இருக்கும் பொதுக் கக்கூஸைக் காட்டி, "அங்க போயிக்கலாம். குழாயில கசிவு, வழுக்கும்" என்றான் லதாவிடம். உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. அவள் அவன் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

பாயை அதிதியின் பாய்க்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவள் மாலையின் மேல் கையை வைத்துக்கொண்டு படுத்தான். தூங்கக் கூடாது என்றுதான் இருந்தான்.

தண்ணீர்ச் சத்தம்.

கண் விழித்தபோது முதலில் கேட்டது அதுதான். ஷவர் பூவாகக் கொட்டுகிற சத்தம். லதா குளிக்கிறாள் என்று அரைத்தூக்கத்தில் நினைத்தான். இல்லை. லதா நெய்த்தேங்காய் நிறைக்க உதவ முன்னதாகவே கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள். வாசல் கதவு வெளியே சாத்தியிருந்தது. அவள் பாய் சுருட்டியிருந்தது. கோயிலுக்குப் போகிறவள் குளிக்காமலா போவாள்? அவன் தலைமாட்டில் வைத்திருந்த சாவி இல்லை.

அவன் கை வெறும் பாயில் கிடந்தது.

"அதிதி?"

புதினா நெடி.

எழுந்தான். நடையில் இருட்டு. பாத்ரூம் கதவில் பூட்டு திறந்து தொங்கியது, சாவியோடு. கதவுக்கடியில் வெளிச்சம். கதவுக்கடியிலிருந்து புகை வந்து அவன் கால்விரல்களைச் சுற்றியது. வெதுவெதுப்பாக. கீஸர் சுவிட்சைப் பார்த்தான். சிவப்பு விளக்கு எரியவில்லை.

கதவைத் தள்ளினான். உள்ளே தாழ்.

"அப்பா, எட்டலப்பா" என்றது அதிதியின் குரல். உள்ளேயிருந்து. சிரித்துக்கொண்டே. "இருங்க, பக்கெட்டக் கவுத்துப் போடறேன்."

அவனிடம் சொல்லவில்லை அவள். அவன் சாமி.

"சாமி! அதிதி சாமி! கதவைத் தொறங்க! கழட்டாதீங்க! அதைக் கழட்டாதீங்க!"

பக்கெட் தரையில் இழுபடும் சத்தம்.

"அப்பா, முடிச்சு வரல. நீங்களே கழட்டுங்க."

தோளால் இடித்தான். பிளாஸ்டிக் கதவு வளைந்தது. மறுபடி இடித்தான். சரணம் சொன்னான், சத்தமே வரவில்லை. மறுபடி. உள்ளே மணிகள் தரையில் விழுந்து சிதறும் சத்தம். ஒன்று. பிறகு பொலபொலவென்று எல்லாம். கதவு பிளந்தது.

புகை. கண் தெரியவில்லை. சுவர் இல்லை, கூரை இல்லை, வெள்ளை மட்டும். கவிழ்த்த பக்கெட்டின் மேல் அதிதி நின்றுகொண்டிருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. கை முன்னால் நீட்டியபடி அப்படியே நின்றுபோயிருந்தது. சோற்றுக் கிண்ணத்துக்கு முன்னால் நிற்குமே, அப்படி.

அவளைத் தாங்கப் பாய்ந்தபோது, பார்த்துவிட்டான்.

அந்த வெள்ளைக்கு நடுவில் கண்ணாடி மட்டும் பளிச்சென்றிருந்தது. அதில் அவன் முகம். வழவழவென்று வழித்த முகம். மாலை இல்லாத கழுத்து. மாலை போட்ட அன்று கடைசியாகப் பார்த்தானே, அதே கழுத்து. காதோரம் கொஞ்சம் நுரை. ஒரு கையில் ரேசர். இன்னொரு கையில், இடுப்பில், அதிதி. அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அவன் ரேசரைக் கீழே வைத்தான். வேலை முடிந்தவன் வைப்பது போல. பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். கண்ணாடியின் ஓரம் வரைக்கும் நடந்தான்.

இந்தப் பக்கம் அதிதி பக்கெட்டிலிருந்து சரிந்து ஆனந்தகுமாரின் கைகளில் விழுந்தாள்.

கட்டையாக இருந்தாள். கண் மேலே செருகியிருந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்து, மடியில் போட்டு, ஒருக்களித்துத் திருப்பினான். டாக்டர் சொன்னபடி. எப்போதும் செய்கிறபடி. அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான். வரும். எப்போதும் வரும். கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும்.

அவன் குனிந்தபோது அவள் கன்னத்தில் ஏதோ உரசியது. சொரசொரவென்று, அடர்த்தியாக, மாலைக்கு மேல் வந்து விழுகிற நீளத்துக்கு.

அவன் தாடி.

"வா கண்ணு. மூச்சு விடு கண்ணு. அப்பா சொல்றேன்ல. அப்பா இங்க இருக்கேன்."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. மணிகள் ஜலதாரையைப் பார்த்து உருண்டன. அவள் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

தலையைத் தூக்கினான். கண்ணாடியில் அவன் இல்லை. அவளும் இல்லை. வெள்ளை டைல் மட்டும். புகை படியாத, ஊதினாலும் மங்காத அந்தக் கண்ணாடியில், ஓர் ஆள் இடுப்பில் பிள்ளையை வைத்திருந்தால் அதன் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், உள்பக்கத்திலிருந்து, சின்னதாக ஒரு வெள்ளை வட்டம் விழுந்தது. மெல்ல மறைந்தது. மறுபடி விழுந்தது.